சிம்பல் இல்லாமல்

பதினோரு வருடம் கழித்து
இல்ப்போ ஒரு பாட்டு பதிவு செய்தான்.
ஒன்றே ஒன்று.
எழுபத்தொரு வயதில் ஆல்பம் போடுவது
கடன் வாங்கி மாடி கட்டுவது மாதிரி என்றான்.

ஊலுவில், துறைமுகத்தை ஒட்டிய ஸ்டுடியோ,
ஒரு காலத்தில் தார் பீப்பாய் அடுக்கிய கிடங்கு.
மழை பெய்தால் சுவர் இன்னும் தார் மணக்கும்.
நான் சைலா. டிரம்ஸ்.
இருபத்தாறு வருடமாக
அவன் முதுகைப் பார்த்து வாசிக்கிறேன்.
வலது தோள் ஏறினால் கோரஸ்.
இடுப்பு அசையாமல் நின்றால்
வரி மறந்துவிட்டது, இன்னொரு சுற்று அடி.

பாட்டின் பெயர் 'இரண்டாம் சாவி'.
நீயே வைத்துக்கொள், பூட்டை நான் மாற்றவில்லை
என்று யாரையோ பார்த்துச் சொல்கிற பாட்டு.
யாரை என்று நாங்கள் கேட்கவில்லை.
அவன் குடியிருக்கும் கட்டடத்தில் சாவியே கிடையாது,
ஆறு வருடமாக எண் அழுத்திக் கதவு திறக்கிறார்கள்.
அதையும் நாங்கள் சொல்லவில்லை.

முதல் டேக்கில் நரம்பு அறுந்தது.
இரண்டாவதில் நான் தும்மினேன்.
மூன்றாவது, மூன்று நிமிடம் பதினோரு விநாடி,
யாரும் மூச்சு விட்டதாக நினைவில்லை.

பிறகுதான் வந்தது வினை.
மிக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தவன்
சிம்பல் எங்கே என்றான்.
இருக்கிறதே என்றான் ஓன்னி.
ஏற்று.
ஏற்றினான்.
இன்னும்.
வெண்கலக் கடையில் யானை புகுந்துவிட்டது,
என் கடைவாய்ப் பல் கூசியது,
இல்ப்போ மட்டும் தலையைச் சாய்த்து
அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பவன் போல
காத்துக்கொண்டே இருந்தான்.

ஓன்னி வாயால் எதுவும் சொல்லவில்லை.
திரையைத் திருப்பினான்.
ஊசி ஊசியாகப் பச்சைக் கோடுகள்.
நான் கம்பை ஓங்கிய ஒவ்வொரு முறைக்கும் ஓர் ஊசி.
இல்ப்போ அருகே போய்
ஓர் ஊசியின் மேல் விரலை வைத்தான்.
பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
நாற்பத்தெட்டு வருடம் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்றதற்கு
வட்டி, அங்கே
கண்ணுக்குத் தெரிகிற மாதிரி.

"எனக்குக் கேட்காததை
நான் எப்படி விற்பது? எடுத்துவிடு."

எனக்குக் கோபம்தான். மறைக்க என்ன இருக்கிறது.
வெளியே போய் ஈரத்தில் நின்று
இரண்டு சிகரெட் ஊதிவிட்டு வந்தேன்.
திரும்பியபோது ஓடிக்கொண்டிருந்தது,
சிம்பல் இல்லாமல்.
விழுந்த பல்லின் இடத்தைத் தேடும் நாக்கு மாதிரி
என் காது போய்ப் போய் வந்தது.
இரண்டாம் கோரஸில் தேடுவதை நிறுத்தியது.
அந்தக் குரல், பழைய ஜீப் மாதிரி இரையும் குரல்,
இத்தனை நாள் என் பித்தளைக்குப் பின்னால்தான்
உட்கார்ந்திருந்திருக்கிறது.
இதை அவனிடம் சொல்லவில்லை.
சம்பளத்தில் கை வைத்துவிடுவான்.

நவம்பர். குளிர்கால டயர் மாற்ற
அவன் காரில் போனோம்.
பட்டறை ரேடியோவில் கருப்புப் பனி எச்சரிக்கை,
மெத்தை விளம்பரம்,
அப்புறம் பாட்டு.
இல்ப்போ சுவரில் இருந்த எண்ணெய் விலைப் பட்டியலை
முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.
மெக்கானிக் பெண் நிமிரவில்லை.
மூன்றாம் கோரஸில்
நான் சிம்பலை ஓங்கி அடித்த அதே இடத்தில்,
சத்தியமாக அதே இடத்தில்,
கழற்றிய நட்டுகளைத் தகரத் தட்டில் கொட்டினாள்.
சிரித்துவிட்டேன்.
என்ன என்று திரும்பினான்.
ஒன்றுமில்லை என்றேன்.
அவள் ரேடியோவைத் தணித்துவிட்டு
தொகையைச் சொன்னாள்.
பாட்டு முடிய இன்னும் நாற்பது விநாடி இருந்தது.
சில்லறை வரை எண்ணிக் கொடுத்தான்.

திரும்பும் வழியில் பனி இன்னும் விழவில்லை.
வெறும் தாரில் ஆணி டயர் ஓடுகிற சத்தம்
பொரி வெடிப்பது போல, சின்னச் சின்னதாக,
சாலை நெடுக.

பாலத்தின் மேல் வேகத்தைக் குறைத்தான்.
"சைலா, சத்தம் வருகிறதா?"

வருகிறது என்றேன்.
ஆணி எல்லாம் இருக்கிறது,
அவள் ஏமாற்றவில்லை.